வானத்திலிருந்து பார்த்தால் சென்னையில் காடு எங்கே இருக்கிறது?

2021-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கையில் ஏழு பெருநகரங்களுக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு போட்டிருந்தார்கள். அதன்படி சென்னையின் காட்டுப் பரப்பு 2011-இல் 18.02 சதுர கிலோமீட்டர், 2021-இல் 22.70. அதாவது பத்து வருஷத்தில் 26 சதவீதம் கூடியிருக்கிறது. சென்னைக்காரர்கள் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில்தான், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் தெருத்தெருவாக மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடிகள் வரிசைகட்டி எழுந்ததும் அதே காலத்தில்தான். அப்புறம் எப்படிக் காடு கூடும்?

அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கணக்கில் காடு என்றால் என்ன என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் மேலிருந்து பார்க்கும்போது 10 சதவீதத்துக்காவது மரங்களின் தலை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம், தானாக முளைத்ததா நட்டு வளர்த்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கிண்டி தேசியப் பூங்காவும் காடு, பழைய மாந்தோப்பும் காடு, வழக்கில் மாட்டிக் கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தில் மண்டிய சீமைக் கருவேலமும் காடு. மேலே சுற்றும் கருவிக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே குடியிருக்கும் கீரிக்கும் ஆந்தைக்கும் புள்ளிமானுக்கும் அவை மூன்றும் வேறு வேறு ஊர்.

வாழிட வரைபடம் என்று சொல்வது இந்த வித்தியாசத்தைப் பிடிக்கிற வேலையை. இங்கே பச்சை இருக்கிறதா என்று கேட்டால் செயற்கைக்கோள் ஒரு நொடியில் பதில் சொல்லிவிடும். இங்கே எது வாழ முடியும் என்று கேட்டால் அதே படத்தை வேறு விதமாகப் படிக்க வேண்டும், பல இடங்களில் அந்தப் படம் போதவே போதாது. நம் ஊரில் வருகிற பசுமை வரைபடங்களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டிவிடுகின்றன என்பதுதான் என் குறை.

முதலில் அந்தப் பச்சை எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று பார்த்துவிடலாம். இலையில் உள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை, இலைக்குள் இருக்கும் உயிரணுக்களும் காற்றறைகளும் சேர்ந்து பலமாகத் திருப்பி அனுப்பும். ஆரோக்கியமான இலையில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். வாடிய இலையில் இடைவெளி குறையும், சிமென்ட்டிலும் தாரிலும் கிட்டத்தட்ட இருக்காது. இரண்டாம் உலகப் போரில் இதை வைத்துத்தான் பச்சை வண்ணம் பூசி மறைத்த பீரங்கிகளை உண்மையான புதரிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். அதற்கென்றே செய்த பிலிமில் உயிருள்ள இலை சிவப்பாக விழும், பூசின பச்சை அப்படி விழாது. நம் பக்கத்தில் இந்தப் பிலிமின் கதை தென்னையில் தொடங்குகிறது. 1970-ஐ ஒட்டி, இந்தியாவில் தொலையுணர்வுத் துறையின், அதாவது வானத்திலிருந்து நிலத்தைப் படித்தறியும் துறையின், தந்தை என்று சொல்லப்படும் பிஷாரட்டி, கேரளத்தில் வேர்வாடல் நோய் வந்த தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் படமெடுக்கச் செய்தார். நாட்டின் தொலையுணர்வு வேலைக்கே அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

இப்போது பிலிம் இல்லை, எண்கள்தான். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் அடர்ந்த இலை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் மண்ணோ கட்டடமோ, அதற்கும் கீழே போனால் பெரும்பாலும் தண்ணீர். இதைவிட எளிமையான, இதைவிட அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிற கணக்கு தொலையுணர்வில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தால், என்.டி.வி.ஐ. படத்தில் அது தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்வெளியைவிடச் செழிப்பாகத் தெரியும். தண்ணீரைத் தேடுவதற்கென்றே 1996-இல் வந்த இன்னொரு கணக்கு உண்டு, பச்சையையும் அகச்சிவப்பையும் ஒப்பிடுவது. அதை ஓட்டினால் அந்த இடத்தில் தண்ணீரே இல்லை என்று வரும். ஆக, செத்துக்கொண்டிருக்கும் ஏரி ஒரு வரைபடத்தில் செழித்த தோட்டம், இன்னொன்றில் காணாமல் போன ஏரி. ஆறு மாதம் கழித்து மிதக்கும் பொக்லைன் கொண்டுவந்து அதை வாரி எடுத்துவிட்டால், முதல் வரைபடத்தில் பசுமை குறைந்துவிட்டது என்று வரும், இரண்டாவதில் புதிதாக ஒரு ஏரி முளைத்திருக்கும். இரண்டுமே கணக்குப்படி சரி.

அதனால்தான் பழைய ஆட்கள் இன்னும் கண்ணால் படிப்பதை விடுவதில்லை. டேராடூனில் 1966-இல் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தின் அந்தக் காலப் பெயரே இந்திய நிழற்பட விளக்க நிறுவனம் என்பதுதான். நிறம், சொரசொரப்பு, வடிவம், அளவு, நிழல், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது அந்த வித்தை. அரை மீட்டர் துல்லியமுள்ள படத்தில் சென்னையின் ஒரு தெருவைப் பார்த்தால் இது புரியும். தென்னை ஒரு நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடக்கும், நிழலில் தண்டு கோடாகத் தெரியும். நெட்டிலிங்கம் மேலிருந்து பார்த்தால் சின்னப் புள்ளிதான், ஆனால் அதன் நிழல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மொட்டை மாடி வரை போகும். தூங்குமூஞ்சி மரம் தெருவின் இரண்டு பக்கத்தையும் மூடிவிடுவதால் தெருவே காணாமல் போகும், இரண்டு துண்டுத் தார்ச்சாலைகள் ஒரு பச்சை மேட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி இருக்கும். சதுப்பு நிலத்தில் சம்புப் புல் அழுத்தி வைத்த கம்பளி போலக் கரடுமுரடாகவும், ஆகாயத்தாமரை வழவழப்பாகவும் விழும். நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான், பிரித்துக் கொடுப்பது சொரசொரப்பு.

நிழல் உதவி செய்வதைப் போலவே ஏமாற்றவும் செய்யும். சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணி வாக்கில். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்திருப்பதால் உயர்ந்த கட்டடங்களின் வடமேற்கில் நிழல் நீண்டு கிடக்கும். அந்தக் கறுப்பைக் கணினி தண்ணீர் என்று எடுத்துக்கொள்வது ரொம்பச் சாதாரணம். அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் இடத்தில் தானியங்கி வகைப்பாடு வரிசையாகக் குட்டைகளைக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்.

சரி, துல்லியம். இதை மீட்டரில் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை, கிரவுண்டில் சொல்கிறேன். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நாலு கிரவுண்டு. அதில் இரண்டு வீடு, ஒரு தெருத்துண்டு, ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கலாம், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் கலக்கி ஒரே எண்ணாகக் கொடுக்கும். நம் நாட்டின் லிஸ்-3 கேமராவின் பிக்சல் 23.5 மீட்டர், சுமார் இரண்டரை கிரவுண்டு. வன நிலை அறிக்கைக்கு முதுகெலும்பு இதுதான். 2015-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற ஐரோப்பிய சென்டினல்-2 பத்து மீட்டர், அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் லிஸ்-4 5.8 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பெரிய ஹால். தனி மரத்தை மரமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்குக் கீழே போக வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விமானமோ ட்ரோனோ பறக்க வேண்டும்.

இந்தப் பிக்சல் விவகாரம் தொழில்நுட்பக்காரர்களின் தலைவலி மட்டும்தான் என்று நினைத்தால், 2011-இல் வந்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் லிஸ்-3 படங்களை வைத்து 50,000-இல் ஒரு பங்கு அளவில் நாடு முழுக்க வரைந்தது. பெரிய சாதனை, அதில் சந்தேகம் இல்லை. அந்த அளவில் 2.25 ஹெக்டேர் என்பது காகிதத்தில் 3 மில்லிமீட்டர் சதுரம். அதைவிடச் சின்னதாக எல்லைக்கோடு போட முடியாது என்பதால் 2.25 ஹெக்டேருக்கு மேல் உள்ள 2,01,503 ஈரநிலங்களுக்கு வடிவம் வரைந்தார்கள். அதற்குக் கீழே இருந்த 5,55,557-ஐ வெறும் புள்ளியாக வைத்தார்கள். 2.25 ஹெக்டேர் என்றால் நூறு கிரவுண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் சுமார் 190-க்கு 143 மீட்டர், அதாவது 2.7 ஹெக்டேர், மயிரிழையில் தப்பித்தது. அதைவிடச் சின்ன குளங்கள், தாங்கல்கள், குட்டைகள் எல்லாம் புள்ளி. அப்புறம் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஈரநிலங்களுக்குப் பாதுகாப்பு தர உத்தரவிட்டபோது கையில் எடுத்தது அந்த 2,01,503 என்ற பட்டியலைத்தான். காகிதத்தில் 3 மில்லிமீட்டருக்குள் பேனா போகாது என்ற காரணத்துக்காக வைத்த கோடு, எதைக் காப்பாற்றுவது எதை விடுவது என்ற கோடாக மாறிவிட்டது. நகரத்துக்குள் மிச்சமிருக்கும் நீர்நிலைகளில் எத்தனை நூறு கிரவுண்டுக்கு மேல் தேறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பருவத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. ஐரோப்பாவில் கோடையில் எடுத்த படம்தான் நல்ல படம், செடிகொடிகள் முழுசாக இலை விட்டிருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். சென்னையில் மே மாதப் படத்தை வைத்து ஈரநிலம் வரைந்தால் பாதி ஏரி மைதானமாகவே வரும், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஏரிகள் நிரம்பியிருக்கும், ஆனால் மேகம் விலகாது. ஆக ஒளியில் எடுக்கும் படத்துக்கு ஜனவரி, பிப்ரவரிதான் தோது. மழைக்கு நடுவில் வெள்ளம் எதுவரை நின்றது என்று பார்க்க வேண்டுமானால் மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் வேண்டும், 2014-இலிருந்து சென்டினல்-1 அதைத் தருகிறது. ஆனால் அதிலும் சமதளமான தார்ப்பரப்பும் விமான ஓடுபாதையும் தண்ணீர் மாதிரியே கறுப்பாக விழும்.

இனி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சென்னையில் வாழிட வரைபடம் பற்றிப் பேசிவிட்டுப் பள்ளிக்கரணைக்கு வராமல் போக முடியாது.

தெற்கே உள்ள 31 ஏரிகளின் உபரித் தண்ணீர் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேர்கிற தாழ்வான பள்ளம் அது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்றைக்குப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். திசை சரிதான், அழிந்தது உண்மை. ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: எந்த மாதத்துச் சதுப்பு? இந்த மாதிரி நிலம் டிசம்பரில் விரிந்து ஜூனில் சுருங்கும். சுற்றியுள்ள ஏரிகளின் நீர்பிடிப்போடு சேர்த்து எல்லை போட்டால் ஒரு பரப்பு, வருஷம் முழுக்க ஈரம் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் வேறு பரப்பு. அன்றைய அகலமான எல்லையை இன்றைய குறுகலான எல்லையோடு ஒப்பிட்டால் இழப்பு பெரிதாகத் தெரியும். இன்றைய வறண்ட மாதப் படத்தைக் காட்டி "இதெல்லாம் சதுப்பே இல்லை" என்று சொல்லிவிடவும் முடியும். இரண்டாவது ஆபத்துதான் பெரிசு, அதில் காசு இருக்கிறது.

பழைய எல்லையைத் தேட ஆவணங்கள் இருக்கின்றன. இந்திய அளவைத் துறையின் டோபோஷீட்டுகளில், அதாவது நிலவரைபடத் தாள்களில், சதுப்பும் ஏரிக்கரையும் தனிக் குறியீடுகளோடு இருக்கும். 1960 முதல் 1972 வரை அமெரிக்கா பறக்கவிட்ட கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களை 1995-இல் பொதுவில் விட்டார்கள். பிற்காலத்து கொரோனா கேமராக்களின் துல்லியம் இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில். சோவியத் ஏவுகணைத் தளங்களைப் பார்ப்பதற்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம்தான், அதை இன்றைக்கு ஆசியாவின் பல நகரங்களில் பழைய நீர்நிலைகளைத் தேட எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு 1972 முதல் லேண்ட்சாட், 1988 முதல் நம் ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள்கள். இவற்றை அடுக்கிப் பார்த்தால், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆய்வு மையம், வேளச்சேரிக்கு வந்த பறக்கும் ரயில், சதுப்பைக் குறுக்கே வெட்டிய துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, பெருங்குடி குப்பைமேடு என்று வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். ஆக்கிரமிப்பு என்றால் குடிசையைத்தான் பலர் நினைப்பார்கள். படம் அப்படிச் சொல்வதில்லை. சாலையும் குப்பைமேடும் அரசாங்கத்தின் சொந்தக் கைங்கரியம்.

ஏன் இவ்வளவு சுலபமாக நடந்தது என்பதற்கும் வரைபடத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் மத்திய அரசுக்காகத் தரிசுநில வரைபடத் தொகுப்பு ஒன்றைப் பல பதிப்புகளாகத் தயாரித்திருக்கிறது. தரிசின் வகைகளில் புதர்க்காட்டு நிலமும் உண்டு, "நீர்தேங்கிய, சதுப்பான நிலம்" என்ற வகையும் உண்டு. படம் எடுத்த கேமராவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வகைப்பட்டியலை எழுதிய கை எதைப் பயனற்றது என்று நினைத்ததோ அது அப்படியே வண்ணமாகி நாட்டின் மேல் விழுந்தது. பெயரே தரிசு என்று இருக்கும்போது அங்கே கட்டடம் கட்டுகிறவருக்கு என்ன குற்ற உணர்வு வரப்போகிறது?

2007-இல் பள்ளிக்கரணையின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, பிறகு கூடுதல் நிலம் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியபோது எழுதிக்கொடுத்த பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக்காடு தவிர்த்த மிச்சப் பகுதியின் எல்லை தரையில் சர்வே எண் வாரியாக எங்கே போகிறது என்பதுதான் இப்போதைய சண்டை. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லையும் அதைச் சுற்றிய தாக்க மண்டலமும் அறிவியல்படி வரையறுக்கப்படும் வரை ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் முதல் கட்டுமான நிறுவனங்கள் வரை எல்லோரும் ஒரு வரைபடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், வரைபடம் போடுவது ஏட்டுச் சுரைக்காய் வேலை இல்லை என்று தெரிகிறது அல்லவா.

கிண்டியின் சிக்கல் இதற்கு நேர் எதிர். பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். நம் கடற்கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு, புதர், நடுவே திறந்த புல்வெளி, எல்லாம் அதற்குள்ளேயே. அங்கே போலோ மைதானம் என்று இன்னும் சொல்கிற புல்வெளியில் வெளிமான்கள் மேயும். வெளிமானுக்குத் திறந்தவெளி வேண்டும், எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓட வேண்டிய மிருகம் அது. மரமும் புதரும் நெருங்க நெருங்க புள்ளிமானுக்குப் பரவாயில்லை, வெளிமானுக்கு இடம் குறையும். இதை என்.டி.வி.ஐ. வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கோடையில் பழுத்துக் காய்ந்த புல்வெளி மங்கலான பழுப்பு, பக்கத்துப் புதர் நல்ல பச்சை. பத்து வருஷத்தில் புதர் புல்வெளிக்குள் நுழைந்தால் வரைபடம் "பசுமை அதிகரிப்பு" என்று அடர்பச்சையில் கொண்டாடும். போதாக்குறைக்கு, மரம் நடும் ஆர்வலர்கள் காலி இடம் தேடி இந்த மாதிரி வரைபடங்களைத்தான் பார்க்கிறார்கள். வெளிமான் நிற்கிற இடம்தான் அதில் காலி இடம்.

இந்த மாதிரி விஷயங்களை முதலில் முறையாகக் கையாண்டது பெர்லின். மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுவர் இருந்ததால் அங்கிருந்த தாவரவியலாளர்களுக்குக் கிராமப்புறத்துக்குப் போக வழியில்லை. ஹெர்பர்ட் சுகோப் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் குண்டு விழுந்த கட்டட இடிபாடுகளையும் கைவிட்ட ரயில் யார்டுகளையுமே ஆராய்ந்தார்கள். இடிபாட்டு மண்ணில் மட்டும் செழிக்கிற செடிகள், தண்டவாளத்துக்கு நடுவே வந்த பிர்ச் மரங்கள் என்று நகரத்துக்கென்றே தனி வகைகள் தேவை என்று கண்டார்கள். வான்படத்தை வைத்து எல்லை வரைவது, தரையில் நடந்து போய் வகையை முடிவு செய்வது என்ற நடைமுறை அங்கே நகரத் திட்டத்தின் பகுதியாகவே ஆனது. 1952-இல் மூடிய ஒரு ரயில் யார்டு 2000-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது, சுமார் 18 ஹெக்டேர், தண்டவாளம் இன்னும் மரங்களுக்கு நடுவே கிடக்கிறது. அவர்களுடைய வகைப்பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது வேறு. ஏரி, தாங்கல், உப்பளம், தோப்பு, மேய்ச்சல் புறம்போக்கு என்று நமக்கு நம் பட்டியல் வேண்டும், அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

இப்போது கணினி தானாகவே வரைந்துவிடுகிறதே என்று கேட்கலாம். 2022-இல் கூகுளும் உலக வள நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட டைனமிக் வேர்ல்டு, ஒவ்வொரு சென்டினல் படம் வரும்போதும் உலகத்தைப் பத்து மீட்டர் துண்டுகளாக ஒன்பது வகைகளில் பிரித்துக் கொடுக்கிறது. தண்ணீர், மரம், புல், வெள்ளம் நின்ற தாவரம், பயிர், புதர், கட்டடம், வெற்றுநிலம், பனி. சென்னைக்குப் பனி தேவைப்படாது, மிச்சம் எட்டு. நகரம் எப்படி விரிகிறது என்று பார்க்க அற்புதமான கருவி. உப்பளத்தையும் வடிந்த ஏரியையும் கடற்கரை மணலையும் குப்பைமேட்டையும் பிரிக்க அதில் தனித்தனி வகை கிடையாது.

ஒரு வரைபடத்தில் வகைப்பாட்டின் துல்லியம் 85 சதவீதம் என்று போட்டிருந்தால் நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 85 என்ற எண்ணே 1976-இல் அமெரிக்காவில் நிலப்பயன்பாட்டு வகைப்பாட்டுக்கு வைத்த அளவுகோலிலிருந்து வந்து எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நகரத்தில் ஒரு வகை வெறும் ஒரு சதவீதப் பரப்பு என்று வையுங்கள். அதை ஒரு இடத்தில்கூடச் சரியாகப் பிடிக்காமல் விட்டாலும் மொத்தத் துல்லியம் 99 வரை வரலாம். நகரத்தில் அரிய வாழிடம் எல்லாமே அந்த ஒரு சதவீதத்துக்குள்தான். ஆகவே மொத்த எண்ணைப் பார்க்காமல், சதுப்பு என்று குறித்த இடத்தில் எத்தனை உண்மையில் சதுப்பு, உண்மையான சதுப்பில் எத்தனையைத் தவறவிட்டார்கள் என்று வகைவாரியாகக் கேட்க வேண்டும். தரையில் போய்ச் சரிபார்த்த புள்ளிகள் எத்தனை, எந்த மாதத்தில் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். அறிக்கையில் அந்த அட்டவணை இல்லை என்றால் வண்ணப்படம் என்றுதான் அதற்குப் பெயர்.

மேலிருந்து எடுத்த எந்தப் பகல்படத்திலும் தெரியாத வாழிடம் ஒன்று சென்னையில் இருக்கிறது, அதுவும் நகரத்தின் மிகக் கூட்டமான இடத்தில். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் ஏறி முட்டையிடும். படத்தில் அது வெற்று மணல், என்.டி.வி.ஐ. பூஜ்யம். குஞ்சுகள் வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போகும், அது கடலாக இருக்க வேண்டும், நம் ஊரில் தெருவிளக்காக இருக்கிறது. அங்கே வாழிடத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இரவு வெளிச்சம். இரவு வெளிச்சத்தை அளக்கும் செயற்கைக்கோள் கருவியும் உண்டு, ஆனால் அதன் ஒரு பிக்சலுக்குள் கடற்கரையும் சாலையும் இரண்டு மூன்று தெருவும் அடங்கிவிடும். ஆமை எங்கே முட்டையிட்டது என்பதற்கான உண்மையான வரைபடம், 1988-இலிருந்து சீசன் தோறும் இரவில் மணலில் நடக்கிற மாணவர் குழுவின் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் காசு செலவில்லை. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய இணையதளத்தில் சென்டினல்-2 படங்களைத் திறந்து, 8, 4, 3 எண்ணுள்ள ஒளிப்பட்டைகளை வைத்துப் பொய்நிறப் படம் போட்டால் இலையெல்லாம் சிவப்பாக வரும். பள்ளிக்கரணைக்கு ஒரு ஜனவரிப் படமும் அதே வருஷத்து மே படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய துல்லியமான படங்களுக்குக் கூகுள் எர்த்தின் காலப்பட்டை போதும், இஸ்ரோவின் புவன் தளத்தையும் பாருங்கள். எல்லை வரைய க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். வரைந்த பிறகு ஒரு பத்து இடத்துக்காவது வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், காலையில் போனால் பறவையும் இருக்கும். ட்ரோன் வைத்திருப்பவர்கள் முதலில் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருப்பதால் தென் சென்னையில் பல இடங்களில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.